வீணாகும் நூறு வாற்று

தேத்தண்ணி ஊத்தியாச்சு. சீனி காணாதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கதை கொஞ்சம் நீளம்.

மட்டக்களப்புக்குப் பக்கத்துத் தன்னாமுனையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு சின்ன ரேடியோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாட்டுக்காக அல்ல, பாட்டுக்குத்தான் கையில் போன் இருக்கிறதே. நான் கேட்பது ஆட்கள் ஆட்களோடு கதைப்பதை. அமெச்சூர் வானொலியாளர்கள், சுருக்கமாகச் சொன்னால் ஹாம்கள், சிற்றலையில் 7,000 கிலோஹேர்ட்ஸுக்கும் 7,200க்கும் நடுவே கூடி ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படி என்ன கதை? அங்கே மழையா, அறுந்துபோன ஏரியல் கம்பியைக் கட்டியாச்சா, முழங்கால் வலி இப்போது எப்படி, இதுதான். வியாபாரம் பேசக் கூடாது, இரகசியக் குறியீடு கூடாது என்பது சட்டம். அரசியலும் சமயமும் வேண்டாம் என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். ஊரிலுள்ள யாரும் காது கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பொடியன் ஏ/எல்லில் பௌதிகவியல் படிக்கிறான். ஒருநாள் கேட்டான்: "மாமா, இத வட்ஸ்அப்பில கதைச்சா காசும் மிச்சம், சத்தமும் கிளீர்தானே?"

"கிளீர்தான் மனே. ஆனா அதில நடுவில ஒரு கம்பனி நிக்கும். இதில நடுவில ஆருமில்ல, வானந்தான்."

அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆகவே வானத்திலிருந்தே தொடங்கினேன். உங்களுக்கும் அங்கிருந்தே சொல்கிறேன்.

கொழும்பு எங்களுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர், சென்னை 600க்குச் சற்று மேல். கோபுரமும் கேபிளும் செய்மதியும் இல்லாமல் அங்கிருந்து ஒரு குரல் இந்தத் திண்ணைக்கு வர வேண்டுமானால் அது மேலே போய்த்தான் இறங்க வேண்டும். பகலில் அதற்கு ஒரு தடை. நிலத்திலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், சூரியனின் கதிர்கள் காற்றின் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைத் தட்டிக் கழற்றிவிடுகின்றன. இதை டி படை என்பார்கள். மத்திய அலையோ சிற்றலையின் கீழ்ப்பகுதியோ இதற்குள் நுழைந்தால், இலத்திரன்கள் அலையோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். ஆடி ஆடிப் பக்கத்து மூலக்கூறுகளில் மோதி, அலையிடமிருந்து வாங்கிய சக்தியைச் சூடாக்கித் தொலைத்துவிடும். அலை அதோடு களைத்துப் போகும்.

சூரியன் மேற்கே படுவான்கரைப் பக்கம் இறங்கினால் நிலைமை மாறும். டி படையில் கழன்று கிடந்த இலத்திரன்கள் வெகு சீக்கிரம் திரும்ப ஒட்டிக்கொள்ள, தடை விலகும். அதற்கு மேலே 250, 300 கிலோமீற்றரில் இருக்கிற எஃப் படையில் காற்று இன்னும் மெலிசு. மோதல் குறைவு என்பதால் அங்கே இலத்திரன்கள் இருட்டிய பிறகும் கனநேரம் தாக்குப்பிடிக்கும். அலை அங்கே வளைந்து நிலத்துக்குத் திரும்பும். அந்த நாளில் மட்டக்களப்பில் ரேடியோ வைத்திருந்தவர்கள் காரணம் தெரியாமலே இதை அனுபவித்தவர்கள். பகலில் 936 கிலோஹேர்ட்ஸில் வெறும் இரைச்சல், விளக்கு வைத்த பிறகு அதே இடத்தில் திருச்சி வானொலி.

அலை வரும் வழி அது. நான் சொல்ல வந்தது, அந்த அலையின் வீச்சத்தில் குரலை ஏற்றி அனுப்பும் பழைய முறையான ஏ.எம். பற்றி.

தயிர்க்காரர் தோளில் காவு தடி வைத்து வந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். நடுவில் தடி, இரண்டு நுனியிலும் ஒரே பாரத்தில் இரண்டு உறி. ஏ.எம். அலையும் அப்படித்தான். நடுவில் நிற்பது காவி அலை. அது நீங்கள் வாய் திறந்தாலும் மூடினாலும் மாறாது. குரலை ஏற்றியதும் அதற்கு மேலேயும் கீழேயும் பக்கப் பட்டை இரண்டு முளைக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே குரல்தான், கண்ணாடியில் பார்த்ததுபோல் பக்கம் மாறியிருக்கும், அவ்வளவே.

இப்போது கணக்கு. காவி அலை 100 வாற்று என்று வைப்போம். குரலை உச்சமட்டும் ஏற்றினால் ஒவ்வொரு பக்கப் பட்டைக்கும் 25 வாற்று சேரும். மொத்தம் 150. அதில் 100 வாற்று தடிக்குப் போய்விட்டது, தடியில் ஒரு சொட்டுத் தயிர் கிடையாது. மிச்சம் 50இலும் பாதி, மற்ற உறியில் இருப்பதன் பிரதி. ஆகக் கேட்கிறவருக்கு உண்மையில் வேண்டியது 25 வாற்று, ஆறில் ஒரு பங்கு. அதுவும் உச்சமட்டும் ஏற்றினால்தான். சாதாரணக் கதையில் குரல் ஏறி இறங்குவதால் இதைவிடக் குறையும். இடமும் இரட்டிப்பாகத் தேவை. 3 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள குரலுக்கு ஏ.எம். 6 கிலோஹேர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளும்.

பொடியன் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்ப தடியையும் ஒரு உறியையும் எறிஞ்சிட்டு மற்ற உறிய மட்டும் அனுப்பினாச் சரிதானே மாமா?"

அவன் சொன்னதைத்தான் 1915இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் கார்சன் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். ஒற்றைப் பக்கப் பட்டை, எஸ்.எஸ்.பி. 1927இல் அத்திலாந்திக்கைக் கடந்து நியூயோர்க்குக்கும் லண்டனுக்கும் ரேடியோத் தொலைபேசி தொடங்கியபோது அதில் ஓடியது இந்த முறைதான். ஆனால் அதைக் கட்டுவது சில்லெடுப்பான வேலை. துல்லியமான வடிகட்டி வேண்டும். அனுப்புகிறவர் எறிந்துவிட்ட காவி அலையைக் கேட்கிறவரின் பெட்டி தானே உண்டாக்கி, சரியான இடத்தில் வைத்துச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஆண் குரல் கீச்சிடும், அல்லது தொண்டைக்குள் போய் அமுங்கும். சாதாரண ரேடியோவில் எஸ்.எஸ்.பி.யைப் பிடித்தால் சொல் பிடிபடாத முனகல்தான் வரும். ஆகவே இரண்டாம் உலகப் போர் முடியும்வரை, குரலில் பேசிய ஹாம்கள் அநேகமாக எல்லாரும் ஏ.எம்மில்தான் பேசினார்கள்.

போருக்குப் பிறகு ஹாம்கள் பெருகினார்கள், அவர்களுக்குரிய அலைப் பட்டை நெருக்கமானது. ஏ.எம்மில் ஒரு பெரிய தொல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் வந்துவிட்டால் இருவரின் காவி அலைகளும் ஒன்றோடொன்று அடிபட்டு விசில் ஊதும். 1 கிலோஹேர்ட்ஸ் விலகி நின்றால் 1 கிலோஹேர்ட்ஸ் விசில். மாலை நேரத்தில் தூரத்து நிலையங்களும் வந்து விழ, பட்டை முழுக்க விசில். 1947இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஹாம்கள் எஸ்.எஸ்.பி.யில் பேசிக் காட்டினார்கள். 1950களில் அமெரிக்க விமானப்படையின் கேர்ட்டிஸ் லெமே, அவரும் ஒரு ஹாம், படையின் தூரத் தொடர்பை எஸ்.எஸ்.பி.க்குத் திருப்புவதில் முன்னின்றார். மறுகா ஏ.எம்மின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இன்றைக்கு 7 மெகாஹேர்ட்ஸில் நான் கேட்கும் கதைகளில் பெரும்பாலானவை எஸ்.எஸ்.பி.தான். அதற்கென்று வசதியுள்ள பெட்டி வைத்திருப்பதால் எனக்கு விளங்குகிறது.

ஆனால் ஏ.எம். சாகவில்லை. அமெரிக்காவில் மாலையானால் 3,885 கிலோஹேர்ட்ஸை ஒட்டி ஏ.எம். கூட்டம் கூடும். இங்கிலாந்தில் 3,615, அவுஸ்திரேலியாவில் 7,125. 1950களின் ஹீத்கிட், ஜோன்சன், கொலின்ஸ் பெட்டிகளைத் தூசு தட்டி, கண்டன்சர்களை மாற்றி, வால்வு சூடாகும்வரை காத்திருந்து பேசுகிறார்கள். வானொலி நிலையங்கள் கழித்துவிட்ட, அலுமாரி உயரத்து ஒலிபரப்பிகளை வீட்டுக் கராஜில் நிறுத்தி வைத்திருக்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹாம்களுக்கு உச்ச வலு 1,500 வாற்று. ஏ.எம்மில் குரல் உச்சத்துக்கு ஏறும்போது அலையின் வலு காவி அலையைப்போல் நாலு மடங்காகும் என்பதால் 375 வாற்றுக்கு மேல் காவி அலை விட முடியாது. இந்த விதி 1990இல் நடைமுறைக்கு வந்தபோது ஏ.எம்காரர்களுக்குப் பெரிய மனக்கசப்பு. விட்டுவிட்டுப் போனார்களா? இல்லை. இன்றும் ஒருவர் ஐந்தாறு நிமிடம் ஆறுதலாகப் பேசி முடித்து, அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கைமாற்றுவார், அவர் அடுத்தவருக்கு. முறை வட்டம் சுற்றி வர அரை மணித்தியாலம் ஆகும். அவசரக்காரருக்கு அங்கே வேலையில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? பழைய பொருள் மீதுள்ள பாசம் என்று சொல்லிவிடலாம், அது பாதிதான். மற்றப் பாதி, அந்த வீணாகும் 100 வாற்றில் இருக்கிறது.

ரேடியோப் பெட்டிகளுக்குள் சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் சுற்று ஒன்று உண்டு. வரும் அலை பலமானால் பெட்டி தன் உணர்திறனைக் குறைக்கும், பலவீனமானால் கூட்டும். எஸ்.எஸ்.பி.யில் ஆள் பேச்சை நிறுத்தினால் அலையே இல்லை. பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு தேடும், உலகத்து இரைச்சல் முழுவதும் "சூ" என்று பொங்கி வரும். அடுத்த சொல் வந்ததும் அமுங்கும், பிறகு திரும்பப் பொங்கும். பத்து நிமிடம் கேட்டால் தலை வலிக்கும். ஏ.எம்மில் ஆள் பேசாவிட்டாலும் காவி அலை நிற்கிறது. பெட்டி அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குள் அவர் மூச்சு வாங்குவது கேட்கும், கதிரை கிறீச்சிடுவது கேட்கும், பின்னால் மணிக்கூடு அடிப்பதும், யாரோ கோப்பையை மேசையில் வைப்பதும் கேட்கும். அவர் சொல்லைத் தேடி யோசிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். குரலின் சுருதியும் அவருடைய சுருதிதான், ஏனென்றால் காவி அலை அவரிடமிருந்தே வருகிறது, உங்கள் பெட்டி ஊகித்துப் போட்டதல்ல. தொலைபேசியில் ஒருவர் பேசாமல் இருந்தால் "லைன் கட்டா?" என்று கேட்போம். ஏ.எம்மில் கேட்க வேண்டியதில்லை, ஆள் இருக்கிறார். என் கணக்கில் அந்த 100 வாற்று வீணில்லை. கதைக்க ஒன்றுமில்லாத நேரத்திலும் கூட இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது.

இரண்டாவது காரணம் எளிமை. ஏ.எம். குரலைப் பிரித்தெடுக்க ஒரு டயோட் போதும். டயோட் அலையின் ஒரு பாதியை வெட்டும், சிறிய கண்டன்சர் ஒன்று அந்த வேக ஆட்டத்தை நிரவிவிடும், மேலே குரலின் வடிவம் மிஞ்சும். கம்பிச் சுருளும் காதுக்கருவியும் சேர்த்தால், பக்கத்து நிலையத்துக்குப் பற்றரியே இல்லாமல் ரேடியோ தயார். அனுப்புகிற பெட்டியும் அப்படித்தான். இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் இந்திய ஹாம்கள் போர்க்காலக் கழிவுச் சந்தையில் கிடைத்த 807 வால்வை வைத்துத் தாங்களே ஒலிபரப்பி கட்டினார்கள். வீட்டில் கட்டக்கூடிய மலிவான எஸ்.எஸ்.பி. பெட்டியைப் பரவலாக்கியதில் பெரும் பங்கு ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹானுக்கு உண்டு. பிட்எக்ஸ் என்ற அவருடைய வடிவமைப்பு 2000களில்தான் வந்தது.

இலங்கையின் வானொலியே ஆர்வலர்களின் கையிலிருந்து பிறந்ததுதான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து வயர்லெஸ் கழகம் ஒன்றைத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் ரேடியோப் பாகங்களை வைத்துத் திணைக்களத்தார் கட்டிய ஒலிபரப்பியில் இசைத்தட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் அது ரேடியோ சிலோன் ஆனது, ஹாம்களுக்கும் சொந்தமாக ஒரு சங்கம் வந்தது. இன்று அந்தச் சங்கம் ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறியைக் கேட்டால் அது இலங்கை ஹாம்.

எங்கள் பக்கம் இந்தப் பொழுதுபோக்கு ஏன் வேர் பிடிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். உள்நாட்டுப் போரின் 1990ஐ இங்கே வாழ்ந்து கடந்தவர்களுக்குத் தெரியும், தென்னையில் ஒரு கம்பியைக் கட்டி வீட்டுக்குள் ஒலிபரப்பி வைத்திருந்தால் எத்தனை தரப்புக்கு விளக்கம் சொல்லியிருக்க வேண்டும் என்று. வடக்கில் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம் அது. கேட்பதே அந்தப் பாடு, பேசுவதைப் பற்றி யார் நினைத்தார்கள்?

ஏ.எம்முக்காக இவ்வளவு வாதாடியவன் இதையும் சொல்ல வேண்டும். ஆபத்து நேரத்துக்கு ஏ.எம். சரிவராது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாய்க் கடல் வந்தபோது, எங்கள் கரையோர ஊர்களான நாவலடியும் டச்பாரும் அழிந்த அதே நாளில், தெற்கும் தொலைபேசி இல்லாமல் கிடந்தது. விக்டர் குணதிலக்கவும் சக இலங்கை ஹாம்களும், கார் பற்றரியில் ஓடும் சிற்றலைப் பெட்டிகளால் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் தொடர்பு ஏற்படுத்தினார்கள். வேறொரு நோக்கத்துக்காக அந்தமான் போயிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத், போர்ட் பிளேயரிலிருந்து நாட்கணக்கில் செய்தி கடத்தினார். பற்றரியில் இருக்கிறவனுக்கு ஒவ்வொரு வாற்றும் கணக்கு. அப்போது தடியை எறிந்துவிட்டு உறியை மட்டும் அனுப்புவதுதான் புத்தி. ஏ.எம். ஊர் அமைதியாக இருக்கிற மாலைகளுக்கானது.

அதற்கும் இரண்டு எதிரிகள். ஒன்று வானமே. மேலிருந்து இரண்டு மூன்று வழியால் வரும் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது, சில கணங்கள் காவி அலை மட்டும் அழிந்து பக்கப் பட்டைகள் மிஞ்சும். தடி முறிந்து உறிகள் நிலத்தில் விழுந்த கதைதான். குரல் கரகரத்து நொருங்கி, பிறகு தானாக நிமிரும். இடியும் அப்படி. ஏ.எம். வீச்சத்தில் குரலைச் சுமப்பதால் மின்னலின் வெடிப்பையும் குரலென்றே எடுத்துக்கொள்ளும். ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில் கேட்கவே வேண்டாம்.

மற்றது நாங்களே உண்டாக்கியது. மலிவான எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் சிற்றலை முழுக்க முரமுரவென்று இரைச்சலைக் கொட்டுகின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதே, ஊரெல்லாம் சபித்துக்கொண்டிருந்தது. நானும் சபித்தேன், பகலில். இரவில் பற்றரி ரேடியோவைப் போட்டால் நாற்பது வருடத்துக்கு முந்திய வானம் திரும்ப வந்திருந்தது.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விவரம். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள பெட்டியென்றால் 7,000 முதல் 7,200க்குள் மெல்ல மெல்லத் திருகுங்கள். சாதாரணச் சிற்றலைப் பெட்டியில் ஏ.எம்மில் வருகிறவர் மட்டும் தெளிவாகக் கேட்பார், அவர்கள் குறைவு. நல்ல ஏரியல் வேண்டுமானால் 20 மீற்றர் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்தாக இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்து, நடுவிலிருந்து கேபிளை இறக்குங்கள். மின்கம்பிக்குக் கிட்டவே போகக் கூடாது, இடி முழங்கினால் கழற்றிவிட வேண்டும். பேச ஆசை வந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒலிபரப்பி எதையும் வாங்கிவிடாதீர்கள். பரீட்சைக்கு வேண்டிய பௌதிகத்தில் பெரும்பகுதி எங்கள் பிள்ளைகள் ஏ/எல்லுக்குப் படிப்பதுதான். வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களின் விஞ்ஞான ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு கழகம் தொடங்கப் பெரிய செலவில்லை.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரிக்கு மேலே பழைய மூன்று பாண்ட் ரேடியோ ஏதும் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருகிறவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கொண்டுவாருங்கள், கண்டன்சர் மாற்றித் தருகிறேன்.